பழைய சினிமா போஸ்டரைப் பலகையில் ஒட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சினிமா போஸ்டர்களைத் தேடிப்பிடித்து வீட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் பெருகிவருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் லேமினேட் செய்து பிளைவுட்டில் ஒட்டிவிட்டால் காலத்துக்கும் கெடாது என்று கடைசிப் பத்தியில் ஒரு யோசனை இருந்ததே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் பாளையங்கோட்டையில் 34 வருடமாகப் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாண போட்டோ, பட்டச் சான்றிதழ் என எல்லாவற்றுக்கும் கண்ணாடி போடுகிறோம். 1996-இல் ஒருவர் ஒரு எம்.ஜி.ஆர். பட போஸ்டரைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டும் வேலை பார்த்தவர். ஒட்டாமல் மிஞ்சிய ஒன்றை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். 30க்கு 40 அங்குலத்தில் ஒரே தாளாக அடித்த சிங்கிள் ஷீட். லித்தோ அச்சு. ஓவியர் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையால் வரைந்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றிய காலத்துச் சரக்கு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிறகு வந்த ஆப்செட் அச்சில் தெரிகிற புள்ளி வரிசை அதில் இருக்காது. கிரேயான் இழுத்த சொரசொரப்புதான் தெரியும்.

அதன் முதுகு முழுக்க, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் பூசிப் பிளைவுட்டில் ஒட்டினேன். மேலே இடைவெளி இல்லாமல் கண்ணாடியை வைத்து அழுத்தி ஆணி அடித்தேன். அன்றைக்குப் பார்க்க அவ்வளவு அழகு. ஏழெட்டு மழைக்காலம் போன பிறகு அவர் திரும்பக் கொண்டுவந்தார். பலகையின் ரேகை அப்படியே பழுப்பாகத் தாளில் ஏறியிருந்தது. இடது ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் எடுத்தேன், ஆனாலும் முகத்தில் பாதி நிறம் கண்ணாடியோடு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மிச்சத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நிறம் ஒட்டிய அந்தக் கண்ணாடித் துண்டு இன்னும் என் கடையில் இருக்கிறது. ஒட்டித்தான் தர வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டுகிறேன்.

ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. போஸ்டர் ஒரு மாதம் சுவரில் இருந்தால் போதும் என்று மலிவான மரக்கூழ்த் தாளில் அடித்தது. அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் உண்டாகிக்கொண்டிருக்கும், அதுதான் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். பிளைவுட்டும் ஹார்ட்போர்டும் தம் பங்குக்கு இன்னும் அமிலத்தைக் கொடுக்கும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் உருகுகிற பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைக் கெடாமல் காப்பதற்கென்று 1930 முதல் ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்த ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பிரிக்க முடியாத எதையும் செய்யாதே என்பது. பசை கோதுமை ஸ்டார்ச்சில்தான் காய்ச்ச வேண்டும் என்றார். திருநெல்வேலிக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துத் தெளிய வைக்கிறோமே, அடியில் படிகிற அந்த வெள்ளைதான். பலமுறை நீர் மாற்றிக் கழுவி, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் ஈரம் காட்டினால் இந்தப் பசை விட்டுக்கொடுக்கும். பூச்சி வராமல் இருக்க பைண்டிங்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். போஸ்டருக்கு அது வேண்டாம்; துத்தத்தில் உள்ள செம்பு தாளைச் சீக்கிரம் மக்கச் செய்யும்.

மடிப்பில் கிழிந்திருந்தால் பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளை (நீள நாரால் செய்த, மெலிதானாலும் உறுதியான தாள்) இந்தப் பசையால் ஒட்டினால் போதும். ரொம்ப நைந்துபோனதென்றால் அதற்கும் பின்னால், கஞ்சி போக அலசிய காடாத்துணி கொடுக்கலாம். ஆனால் தண்ணீர் படுவதற்கு முன் ஒவ்வொரு நிறத்தின் ஓரத்திலும் ஈரப்பஞ்சை வைத்து ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சிவப்பு பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

நல்ல நிலையில் உள்ள போஸ்டரை ஒட்டவே வேண்டாம். அமிலமில்லாத மவுண்ட் போர்டில், அதாவது படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டையில், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் பட்டையால் பிடித்துத் தொங்கவிட்டால் போதும், காலண்டர் தொங்குவதைப் போல. ஐப்பசியில் தாள் விரியும், சித்திரையில் சுருங்கும். நாலு பக்கமும் பிடித்துக் கட்டினால் நெளியும் அல்லது கிழியும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். சிங்கிள் ஷீட் அளவுக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட எட்டு கிலோ. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் அதில் பாதி எடைதான். ஆனால் மை உதிர்கிற போஸ்டருக்கு அக்ரிலிக் ஆகாது, நிலைமின்சாரம் உதிரும் நிறத்தை இழுத்துக்கொள்ளும். மாட்டும்போது வெயில் விழும் சுவரும் மழை ஊறும் சுவரும் வேண்டாம். பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும்.

இவ்வளவும் செய்யச் செலவு கூடும்தான். மறைக்கவில்லை. ஆனால் காசில்லாதவர்கள் போஸ்டரைத் தட்டையாக, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் பெட்டிக்குள் வைத்திருந்தாலே போதும். அவசரப்பட்டு ஒட்டுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட தாள்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை, எங்களைப் போன்ற பிரேம் கடைக்குத்தான் வருகின்றன. எழும்பூர் ஆய்வகத்தில் இருப்பவர்கள் மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வந்து, பிரேம் கடைக்காரர்களுக்கு இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். பாளையங்கோட்டையில் நடத்தினால் என் கடையிலிருந்து நானும் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் கடையைச் சாத்திவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.