“சமாளிக்கிறோம்” என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவுஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான என்.டி.ஐ.எஸ். திட்டம் 2013இல் தொடங்கியது. அதில் எங்கள் குடும்பங்களுக்குக் கிடைக்கவேண்டியது குறைந்துபோவதற்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை. மதிப்பீட்டுக்கு வருபவர் கேட்கும் கேள்விக்கு நாம் பழக்கதோஷத்தில் சொல்லும் “பரவாயில்லை, சமாளிக்கிறோம்” என்ற பதில்தான் அதைவிடப் பெரிய காரணம்.

பத்தொன்பது வயது மகன் தானாகக் குளிப்பானா என்று கேட்டால், “ஓம், குளிப்பான்” என்பார் தாய். பொய்யில்லை, ஷவருக்குக் கீழே நிற்பது அவன்தான். ஆனால் சூடு பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடுவது, பிரஷில் பற்பசை வைத்துக் கொடுப்பது, கதவுக்கு வெளியே நின்று “இனிக் காணும், வா” என்று நாலைந்து தரம் கூப்பிடுவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது எல்லாம் அம்மா. படிவத்தில் “உதவி தேவையில்லை” என்று பதிவாகிவிடும். அதற்குத் தக்கபடிதான் நிதியும் வரும்.

திட்டம் பார்ப்பது நோயின் பெயரை அல்ல. நடமாட்டம், பேசிப் புரியவைத்தல், மற்றவர்களுடன் பழகுதல், கற்றல், தன்னைப் பராமரித்தல், தன் காரியங்களைத் தானே கவனித்தல் ஆகிய ஆறில் அன்றாடம் எது முடியவில்லை என்பதைத்தான். ஆகவே மதிப்பீட்டுச் சந்திப்புக்கு இரண்டு கிழமை முன்பே ஒரு கொப்பி எடுங்கள். ஏழு நாட்களுக்கு, எந்த வேலையை யார் செய்தார், எத்தனை நிமிடம் எடுத்தது, செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று தமிழிலேயே எழுதுங்கள். இரவில் எத்தனை தரம் எழும்பினீர்கள் என்பதையும் சேருங்கள். மோசமான நாளை மறைக்கவேண்டாம். அதன் சாரத்தை வைத்தியருக்கும் தெரபிஸ்டுக்கும் சொன்னால்தான் அவர்களின் கடிதத்திலும் அது வரும். “ஓட்டிசம் உள்ளது” என்ற ஒற்றைவரிக் கடிதத்தால் பெரிதாகப் பயனில்லை.

பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக இருத்துவதை நிறுத்தவேண்டும். தம்பியின் மலசலகூடப் பிரச்சினையைப் பன்னிரண்டு வயது அக்கா ஆங்கிலத்தில் சொல்லமாட்டாள், விழுங்கிவிடுவாள். அரசாங்கத்தின் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையான 131 450ஐ அழைத்துத் தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். 1800 800 110 என்ற என்.டி.ஐ.எஸ். எண்ணுக்கு இணைத்துவிடுவார்கள். இதற்கான செலவு உங்கள் திட்ட நிதியிலிருந்து கழிக்கப்படாது. எங்கள் சனம் சின்னது, பேசுபவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். தொலைபேசியில் வேறு மாநிலத்தவரைக் கேட்கலாம், பெண்ணைக் கேட்கலாம். இரகசியம் காப்பது அவர்களின் தொழில் நெறி.

உரைபெயர்ப்பாளர் இருந்தும் சறுக்கும் இடங்கள் உண்டு. ‘ரெஸ்பைட்’ என்பதை ‘ஓய்வு’ என்று பெயர்த்தால், “எனக்கு ஓய்வு வேண்டாம்” என்று தாய் மறுத்துவிடுவார். சில மணிநேரம் அல்லது சில நாள் வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று விளக்கினால் யோசிப்பார். “உங்கள் இலக்கு என்ன?” என்ற கேள்விக்கு எங்களில் பலரின் பதில் “கடவுள் விட்ட வழி.” இலக்கு என்பது அவர்களின் பாஷை. “தனியாக பஸ்ஸில் போகப் பழகவேண்டும்”, “கோயில் திருவிழாவில் ஒரு மணிநேரம் இருக்கவேண்டும்” என்று சொன்னாலே போதும்.

தமிழ் பேசும், மரக்கறிச் சமையல் தெரிந்த உதவியாளர் வேண்டுமா? நிதியை என்.டி.ஐ.எஸ். தானே நிர்வகித்தால் பதிவுசெய்த நிறுவனங்களிலிருந்து மட்டுமே ஆள் எடுக்கலாம். உங்கள் சார்பில் நிதியைக் கவனிக்கும் ‘பிளான் மனேஜர்’ வழியாகவோ நீங்களே நிர்வகித்தாலோ, பெரும்பாலான சேவைகளுக்குப் பதிவில்லாதவரையும் அமர்த்தலாம். சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

திட்டத்தில் சேர அவுஸ்திரேலியக் குடியுரிமை, நிரந்தர விசா அல்லது நியூசிலாந்துக் குடிமக்களுக்கான பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசா, இவற்றில் ஒன்று வேண்டும். 65 வயதுக்குமுன் விண்ணப்பிக்கவேண்டும். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வருமானமும் பார்க்கமாட்டார்கள். அரசாங்கக் கொடுப்பனவுகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கின் இயலாமை ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 10 வருட வதிவு தேவை என்பதைக் கேட்டுவிட்டு, இதற்கும் அப்படித்தான் என்று வீணாகக் காத்திருக்கிறார்கள். நிரந்தர விசா வந்தபிறகும் “குடியுரிமைக்கு இடைஞ்சலாகும்” என்று பிள்ளையின் நிலையை ஒளிப்பவர்கள் உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தில் உடல்நலப் பரிசோதனை என்பதே கிடையாது. பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில் பத்து வருடத்துக்கு மேலாக இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாசல் மூடியே கிடப்பது அநியாயம். அதை அரசாங்கம்தான் திறக்கவேண்டும்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம் என்றால், இப்போதைய விதிப்படி நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்த முடிவு பிழை என்று நினைத்தால் 3 மாதத்துக்குள் உள்ளக மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாட்களுக்குள் மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கடிதத்தைத் திறக்காமல் மேசையில் போட்டுவைப்பதால்தான் இந்தத் தவணைகள் தப்பிப்போகின்றன.

இந்தத் துறையில் வேலைசெய்யும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள்: “உதவி வேண்டுமா?” என்று கேட்காமல் “இதை வீட்டில் யார் செய்கிறார்கள்?” என்று கேளுங்கள். மேலே சொன்ன ஏழு நாள் குறிப்புக்கு ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தயாரித்துத் தமிழ்ப் பாடசாலைகளில் வைத்தால், சனிக்கிழமை பிள்ளையை ஏற்ற வரும் பெற்றோர் கையோடு எடுத்துப் போவார்கள். உங்கள் பத்திரிகையும் அதை அச்சிட்டு உதவவேண்டும்.

இப்படிக்கு,
மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கு விண்ணப்ப உதவி செய்யும் தமிழர் சிலர்,
மேற்கு சிட்னி.