ஏழு ராத்திரி ராஜா

அன்புள்ள ராமு,

நான்கு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதினால் ஏதோ வினை என்று உனக்கே தெரியும். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். சிரிக்காதே. ஒன்றரை வருடத்தில் மூன்று பேர் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிய பதவி இது. கூட்டத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்; திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அன்றிரவு முழுக்கக் கோபாலன் நினைப்புதான். நம் கோபால் இல்லை, அவன் தர வேண்டிய இருநூறு ரூபாயை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இவன் வங்காளத்துக் கோபாலன், பால வம்சத்தின் முதல் அரசன். நம் வரலாற்று வாத்தியார் மூக்குப்பொடியார் ஒரே தும்மலில் தாண்டிப்போன பாடம்!

வங்காளத்தை ஆண்ட சசாங்கன் செத்த பிறகு நூறு வருடம் அங்கே நிலையான அரசே இல்லை. அவனவன் வீட்டில் அவனவன் ராஜா என்று 1608இல் எழுதிவைத்தார் திபெத்தியத் துறவி தாரநாதர். எங்கள் சங்கமேதான்! அவர் சொல்லும் கதையைக் கேள். ஊர்கூடி ஒருவனை அரசனாக்கும். அன்றிரவே ஒரு நாகினி அவனைக் கொன்றுவிடும். பிறகு முறைவைத்து ஒவ்வொருவராக ஏறிச் சாகிறார்கள். கோபாலன் ஒரு வீட்டுக்குப் போகிறான், வீடே அழுதுகொண்டிருக்கிறது. மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளையின் முறை. பிள்ளை ராஜாவாகப் போகிறான் என்று ஒரு குடும்பம் அழுகிறது, ராமு! 'நான் போகிறேன்' என்கிறான் இவன். சுந்தா என்கிற பௌத்த தேவியின் பக்தன். கையில் ஒரு சின்ன மரத்தடி. நாகினியை அதாலேயே அடித்துக் கொன்றான். விடிந்ததும் உயிரோடு நின்றவனைப் பார்த்து ஊருக்கே ஆச்சரியம். ஏழு நாள் ஏழு பேருக்குப் பதிலாக ஏறினான். கடைசியில் அவனையே நிரந்தர அரசனாக்கிவிட்டார்கள்.

கதை கிடக்கட்டும். அவன் மகன் தர்மபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு இருக்கிறதே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் 'மாத்ஸ்ய நியாயம்' ஒழிய வேண்டும் என்று 'பிரகிருதிகள்' கோபாலனை அரசுத் திருவின் கையைப் பிடிக்கவைத்தார்களாம். அப்பன் வப்யடன் போர்வீரன், பாட்டன் தயிதவிஷ்ணு படித்தவன், அவ்வளவுதான். சூரிய குலம், சந்திர குலம் என்று எந்த ஜோடனையும் இல்லை. பிரகிருதிகள் என்றால் குடிமக்களா, குறுநிலத் தலைவர்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தலைவர்கள்தான் என்பது என் கட்சி. மீன்களில் பெரியவை கூடி, ஒன்றையொன்று விழுங்கி அலுத்துப்போய், கி.பி. 750 வாக்கில் ஒருவனை நிறுத்தியிருக்கின்றன. சின்ன மீன்களை யார் கேட்டார்கள்? ஆனாலும் அந்த ஏற்பாடு நானூறு வருடம் நின்றது. நம் ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் போர்க்களத்தில் அஞ்சுகிற மகிபாலன் இந்த வம்சம்தான்.

என் ஏற்பாடு நாலு வாரம் நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடியில் ஏழு மாதப் பராமரிப்புப் பாக்கி கேட்கப் போகிறேன். உன் அப்பாவின் கைத்தடி இன்னும் பரணில் கிடந்தால் பார்சலில் அனுப்பு.

அன்புடன்,
சேது