வித்யாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள வித்யாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய மாப்பிள்ளை வீட்டு வம்சாவளியைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பழைய உயில்களின் கையெழுத்தை நீயே படித்து எடுத்திருக்கிறாய் என்றதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆனால் நம் சென்னையில் கவர்னராக இருந்தாரே, அமெரிக்காவின் யேல் கல்லூரிக்குப் பெயர் தந்தவர், அந்த எலிஹு யேலில் தொடங்கி மாப்பிள்ளையின் தாத்தா வரை போட்டிருக்கிறாயே, அது நிற்காதம்மா. அவர் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர்தான். சிறு வயதிலேயே பெற்றோரோடு இங்கிலாந்து போனவர் அப்புறம் அமெரிக்கா திரும்பவே இல்லை. 1680 நவம்பரில் நம் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கம்பெனி அதிகாரி ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை மணந்தார். அங்கே நடந்த முதல் கல்யாணமே அதுதான். அவர்களுடைய மகன் டேவிட் சிறு பிள்ளையாகவே இங்கே இறந்துபோனான். ஹைகோர்ட் வளாகத்தில், ஹின்மர்ஸைப் புதைத்த அதே கல்லறையில்தான் அவனும் இருக்கிறான், மேலே கூர்ந்து உயரும் கல் கோபுரம். மகள்கள் வாழ்க்கைப்பட்டது இங்கிலாந்தில். அமெரிக்க யேல்கள் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட எலிஹுவின் சித்தப்பா தாமஸின் வழி. அங்கே தேடு.

1790 அமெரிக்க சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் பெயரெல்லாம் 1850-இல்தான் வருகிறது. அதனால் பெண்கள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்பதை உயிலிலும் ஊர்ப் பதிவேட்டிலும்தான் பிடிக்க முடியும். கனெக்டிகட் ஊர்ப் பதிவுகளின் பழைய தொகுப்பு ஹார்ட்ஃபோர்ட் மாநில நூலகத்தில் இருக்கிறது. 1752-க்கு முன் அவர்களுக்கு மார்ச் 25-தான் வருடப் பிறப்பு, ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஏமாந்துவிடாதே. ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரையும் எழுதாதே. யேல் கவர்னராக இருந்தபோது சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். 1718-இல் அவர் கல்லூரிக்குக் கொடுத்த 417 புத்தகங்களை எழுதினால் இதையும் எழுது.

மாப்பிள்ளை கடைசியாகப் பேசியது பொங்கலுக்கு. அவர் குடும்பத்தின் வேரை நீ ஒருத்தியே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடுகிறாயே, அவரும் கூட உட்காருவாரா? நீ அனுப்புவதெல்லாம் பதிவேடு, கல்லறைப் படம். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. முன்பெல்லாம் ரசம் கொதிக்கிற சத்தத்தோடு போன் செய்வாய். வேளைக்குச் சாப்பிடு. திரும்பவும் சொல்கிறேன், ஆதாரம் இல்லாமல் எழுதாதே, வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிறு போன் செய். மாப்பிள்ளை இருந்தால் தாமஸ் விஷயத்தை அவரிடமே சொல்கிறேன். இல்லையென்றால் நீ மட்டும் பேசு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் பாஸ்போர்ட் இந்த வருடம் முடிகிறது, புதுப்பித்து வை. மாடி அறையில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வெள்ளையடித்திருக்கிறோம். வாடகைக்கு விடப்போவதில்லை.

அப்பா