வெதுப்பக வாசலில் வரிசையில் நிற்போருக்கும் பாண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள, கைப்பக்குவத்துக்குப் பெயர்பெற்ற சிறிய வெதுப்பகத்துக்குக் கடந்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே சென்றேன். போறணையிலிருந்து இறக்கிய புளிமாப் பாணின் மேலோடு, தட்டில் ஆறும்போது சடசடவென்று மெல்ல வெடிக்கும் ஓசை வாசல்வரை கேட்டது. மாவில் இயல்பாகவே வாழும் ஈஸ்டும் லக்ரிக் அமில பற்றீரியாக்களும் இரவு முழுவதும் ஆறுதலாகப் புளிக்கச் செய்வதாலேயே அந்த மணமும் இலேசான புளிப்பும் கிடைக்கின்றன. அதற்காக மனமுவந்தே காத்து நின்றேன்.

ஆனால் என் முறை வருமுன்பே, தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவைத்தவர்களுக்கெல்லாம் பக்கக் கதவால் கொடுத்ததில் அந்தப் பாண் முடிந்துவிட்டதாகக் கூறினார்கள். எனக்கு முன்னால் ஊன்றுகோலுடன் முக்கால் மணி நேரம் நின்ற ஐயா, மடித்த துணிப்பையை விரிக்காமலே திரும்பிப் போனார். அது எனக்கு மிகுந்த வேதனையளித்தது.

எஞ்சியிருந்தது சாதாரண பாண் மட்டுமே. நாம் இன்னும் ‘ஒரு இறாத்தல்’ என்றே கேட்கும் முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் எனவும், நிறையைக் காட்சிப்படுத்த வேண்டும் எனவும் நுகர்வோர் விவகார அதிகார சபை 2024 பெப்ரவரி முதல் விதித்திருந்தும், அங்கே அப்படியொரு அறிவித்தலைக் காணவில்லை.

முன்கூட்டிச் சொல்லிவைப்பதை நான் குறை கூறவில்லை. சொல்லிவைத்தவர்களுக்கு எத்தனை, வரிசைக்கு எத்தனை என்பதையும், நிறையையும் விலையையும், கடை திறக்கும்போதே பலகையில் எழுதிவைக்குமாறு இத்தகைய வெதுப்பக உரிமையாளர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.