கதவுக்கு அப்பாலும் ஒரு வாழ்க்கை

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டதால் வீடு கொஞ்சம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை நீதிபதிகள் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். உன் மகள் தன் தோழிமீது கொண்ட காதலைப் பற்றி உன்னிடம் மனம் திறந்த பிறகு, தன்பாலின இணையரின் உரிமை குறித்து எழுந்த கேள்வி இது. சட்டக் கல்லூரி நாட்களில் வாதாடியதுபோல இதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது நினைவிருக்கிறதா? பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வரி இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது. சிலராக இருப்பதால்தானே அவர்கள் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள்? வாக்குகளால் வெல்ல முடிந்தால் எதற்கு வழக்கு?

பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரின் வாழ்க்கையில் தலையிட அரசுக்கோ ஊருக்கோ உரிமையில்லை என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். அடுத்த ஆண்டே அவருடைய நாடு நமக்கு இயற்றித் தந்த தண்டனைச் சட்டத்தில் 377 இடம்பெற்றது. பின்தங்கிய சமூகங்களுக்குத் தன் கொள்கை பொருந்தாது என்று மில்லே எழுதியிருப்பது எனக்கு எப்போதும் உறுத்தல்தான். ஆனாலும் அந்தக் கொள்கை அவரைவிடப் பெரிதாக வளர்ந்தது. தன்பாலின உறவு குற்றமாக இருக்க வேண்டுமா என்று ஆராய்ந்த பிரிட்டனின் வுல்ஃபெண்டன் குழு 1957இல் தந்த அறிக்கையில் அதன் சாயல் தெரிந்தது. 1981இல் வட அயர்லாந்தின் இதே போன்ற சட்டத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது அந்தரங்க வாழ்வின் பெயரால்தான். இங்கும் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஆனது. மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஆனால் கலா, 'தலையிடாதே' என்ற வாதம் படுக்கையறைக் கதவு வரைதான் காவல் நிற்கும். உன் மகளுக்கு அதற்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கிறது. வாடகை வீடு, மருத்துவமனைக் கையெழுத்து, வாரிசுரிமை எல்லாவற்றிலும் அரசு அவர்களை இணையர் என்று ஏற்றாக வேண்டும். ஒதுங்கி நிற்பது அங்கே போதாது. அதைக் கேட்டபோது 2023இல் உச்ச நீதிமன்றம் பின்வாங்கிவிட்டது. திருமணம் அடிப்படை உரிமையல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயரின்றிச் சட்டப்படி இணையராக ஏற்கப்படும் சிவில் இணைவு உரிமையும் 3க்கு 2 என்ற கணக்கில் மறுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் அரசியல் சாசன நீதிமன்றம் 2005இல் தன்பாலினத் திருமணத்துக்கு வழிசெய்ய நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு வைத்தது, சட்டமும் வந்தது. உன் கேள்விக்கு என் பதில் அதுதான்: நாடாளுமன்றமே செய்யட்டும், ஆனால் செய்யாமல் இருக்கும் சலுகை அதற்குக் கிடையாது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தை நினைத்தால் மனம் குளிர்கிறது. 2021இல் பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். தன்பாலின ஈர்ப்பைக் 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்புவோருக்கும் தடை விதித்தார். உன் அண்ணன் அப்படி யாரையாவது சிபாரிசு செய்தால், இதை அவரிடம் சொல்.

மகளிடம் ஒரு செய்தி சொல்லிவிடு. தன்பாலின இணையர் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று நிதியமைச்சகம் 2024இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. உயிலையும் இப்போதே எழுதிவைக்கச் சொல், வரைவை நான் தயாரித்துத் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தா