நெட்டையனின் வண்டியைப் பற்றி, அதைவிட உன் வண்டியைப் பற்றி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு வழக்கமான சாக்குகள் எல்லாம் கைவசம் உண்டு. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன், நீயும் வழக்கம்போல் நம்பிவிட்டதாகத் தலையாட்டு. இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா என்று வீட்டில் கேட்கச் சொன்னார்கள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: வேறொரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய யுஎஸ்டி ஃபோர்க் (தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ் முன் ஃபோர்க்) ஒரு ஜோடியும், பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் கேலிப்பர் ஒன்றும் கிடைத்திருக்கின்றன, வரும் விடுமுறையில் மாட்டிவிடப் போகிறேன் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கங்கள். ஏனென்றால், அதே வேலை செய்து முடிக்கப்பட்ட வண்டி ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்ட நிலையில் இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? நம் நெட்டையனுடையதுதான். மரை கழன்றவன் என்று நாம் அவனுக்கு அன்றே பட்டம் கொடுத்தது வீண்போகவில்லை.

நெட்டையனின் குறை இதுதான்: வண்டி வேகமெடுத்தால் ஹேண்டில் உதறுகிறது, பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடிக்கிறது, பிரேக் மட்டும் "கல் மாதிரி, ரேஸ் வண்டி மாதிரி" இருக்கிறதாம். உதறலுக்கு டயரைச் சந்தேகித்து மாற்றியிருக்கிறான். பிறகு ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை வாங்கிப் பூட்டியிருக்கிறான். இன்னும் ஒரு பாகம் வாங்கினால் சரியாகிவிடும் என்ற அவனுடைய நம்பிக்கையை நீ அறிவாய். இத்தனைக்கும் அவன் மாட்டியிருந்த பாகங்களில் ஒன்றுகூட மட்டமான சரக்கு இல்லை. தனித்தனியாக எடுத்து மேசைமேல் வைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வண்டியின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

முதலில் அவன் பெருமைப்பட்ட பிரேக்கையே எடுத்துக்கொள். அவன் வண்டிக்கு முன்னால் ஒரே டிஸ்க், ஒரே கேலிப்பர். அதற்கு நிறுவனம் கொடுத்திருந்த மாஸ்டர் சிலிண்டரின், அதாவது பிரேக் லிவரை அழுத்தும்போது எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் உருளையின், உள்விட்டம் 12.7 மி.மீ. இவன் மாட்டியிருப்பதோ இரண்டு டிஸ்க் உள்ள பெரிய வண்டிக்கானது. அதன் உடலின் அடிப்பக்கத்தில் அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது 5/8 என்று வார்ப்பிலேயே பொறித்திருந்தது, அதாவது 15.875 மி.மீ. விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வேலை செய்வது விட்டம் அல்ல, பரப்பு. 127 சதுர மி.மீ. இருந்த இடத்தில் இப்போது 198. ஆகவே, விரல்கள் கொடுக்கும் அதே விசைக்குக் குழாயில் உண்டாகும் அழுத்தம் முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. லிவர் கொஞ்சம் நகர்ந்ததுமே கெட்டியாக நின்றுவிடுவதால் கைக்கு அது வலுவான பிரேக்காகப் படுகிறது. உண்மையில் வண்டியை நிறுத்த முன்னைவிட ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. கை வலிக்கிறது என்று அவனே சொன்னான், ஆனால் அதைத் தன் வயதின் கணக்கில் எழுதிவிட்டான்!

உன் நான்கு பிஸ்டன் கேலிப்பரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு என்றதும் உன் பழைய இரண்டு பிஸ்டன் கேலிப்பரைவிட இரு மடங்கு பிடிக்கும் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய், போடாவிட்டால் நீ நீயல்ல. பழையது நகரும் வகை. ஒரே பக்கத்திலிருந்து தள்ளினாலும் அதன் உடல் நகர்ந்து மறுபக்கத்தையும் அதே விசையுடன் இழுத்துக்கொள்கிறது. புதியது எதிரெதிராக இரண்டிரண்டு பிஸ்டன்கள் உடையது. ஆகவே ஒப்பிடும்போது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே எண்ண வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்தால் பிடிக்கும் விசையும் ஒன்றுதான். உறுதி கூடும், டிஸ்க்கை உரசும் பிரேக் பேட் சீராகத் தேயும், பார்க்க அழகாக இருக்கும். இரு மடங்கு என்பது மட்டும் இல்லை.

இனி உதறலுக்கு வருகிறேன். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு பாகத்தையும் கழற்றவில்லை. நூலும் அளவுகோலும் போதுமானதாக இருந்தன. அவன் மாட்டிய ஃபோர்க் பழையதைவிட 20 மி.மீ. குட்டை. பின் ஷாக் அப்சார்பரோ மேல் போல்ட் துளையிலிருந்து கீழ் போல்ட் துளை வரை அளந்தால் பழையதைவிட 10 மி.மீ. நீளம். பத்துதானே என்று நினைக்காதே. அந்த வண்டியில் ஷாக் ஒரு பங்கு நகர்ந்தால் சக்கரம் ஏறத்தாழ மூன்று பங்கு நகர்கிறது, ஆகவே பின்பக்கம் 30 மி.மீ. உயர்ந்துவிட்டது. முன்னால் 20 இறக்கம், பின்னால் 30 ஏற்றம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. உள்ள வண்டியில் இருபத்து நான்கு மில்லிமீட்டர் உயர வேறுபாடு ஒரு பாகைக்குச் சமம். ஆகவே ஸ்டீயரிங் அச்சு இரண்டு பாகை நிமிர்ந்துவிட்டது. ஒவ்வொரு பாகைக்கும் டிரெயிலில் (அது என்ன என்று இதோ சொல்கிறேன்) ஏறத்தாழ 6 மி.மீ. போகிறது. போதாக்குறைக்கு, ஃபோர்க்குடன் சேர்ந்து வந்த டி-ஸ்டெம்மில் (ஃபோர்க் குழாய்களை வண்டியின் கழுத்தோடு பிணைக்கும் பாகம்) குழாய்கள் பழையதைவிட 5 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கின்றன. சக்கரம் முன்னால் போனால் டிரெயில் கூடும், வண்டி நிதானமாகும் என்று நெட்டையன் என்னிடம் வாதாடினான். நடப்பது நேர்மாறு. ஸ்டீயரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் எவ்வளவு தூரத்தில் பதிகிறதோ அதுதான் டிரெயில். டயரை முன்னால் தள்ளினால் அந்தத் தூரம் சுருங்கத்தானே செய்யும்? 100 மி.மீ.யை ஒட்டி இருந்தது 80-ஐ ஒட்டி வந்துவிட்டது. சக்கரத்தை நேராக நிறுத்தி வைத்திருந்த பிடிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கழற்றிவிட்டு, டேம்பர் வாங்கிப் பூட்டினால் உதறல் அடங்கியதுபோல் தோன்றுமே தவிர அதன் காரணம் அங்கேயேதான் இருக்கும்.

பின்னால் இடிப்பதற்குக் காரணமும் அந்த மூன்று பங்கில்தான் இருக்கிறது. அந்த ஷாக் முன்பு இருந்த வண்டியில், ஷாக் ஒரு பங்கு நகர்ந்தால் சக்கரம் நகரும் அந்த விகிதம் இரண்டு. சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் கடினம் இந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். அங்கே நான்கில் ஒரு பங்காக இருந்தது இங்கே ஒன்பதில் ஒரு பங்கு. பாதிக்கும் குறைவான ஸ்பிரிங்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதைச் சரிக்கட்ட, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரிலோடு வளையத்தைக் கடைசி மரை வரை முறுக்கி வைத்திருக்கிறான். பிரிலோடு வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் கடினத்தை ஒருபோதும் மாற்றாது என்பதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. புரிந்ததா என்பது வேறு விஷயம்.

இதுவரை எழுதியதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியதுதான். அடுத்ததை அப்படி எழுத முடியவில்லை.

கேலிப்பரைப் புதிய ஃபோர்க்கில் பொருத்துவதற்காக அவன் அலுமினியத் தகட்டில் ஒரு பிராக்கெட் அறுத்திருந்தான். ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் பார்வைக்குக் கடையில் வாங்கியதுபோலவே இருந்தது. உள்மூலை மட்டும் வளைவு இல்லாமல் கத்திபோல் செங்கோணமாக இருந்தது எனக்கு உறுத்தியது. கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவினேன். சற்று நேரத்தில் அந்த மூலையிலிருந்து போல்ட் துளையை நோக்கி, வெள்ளைப் பொடியில் ஈரமாக ஒரு மயிரிழைக் கோடு எழுந்தது. கண்ணுக்கு அதுவரை தெரியாத வெடிப்பு அது.

அந்தத் தகடு எதைத் தாங்குகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள். நல்ல தார்ச்சாலையில் முன் பிரேக்கை முழுமையாகப் பிடித்தால் டயரில் ஏறத்தாழ 2,200 நியூட்டன் விசை விழும். டயரின் ஆரம் 30 செ.மீ., பேட் டிஸ்க்கைக் கவ்வும் இடத்தின் ஆரம் 13 செ.மீ.தான், ஆகவே கேலிப்பரைச் சக்கரத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை 5,000 நியூட்டன், அதாவது அரை டன் எடை அந்தப் பிராக்கெட்டில் தொங்குவதற்குச் சமம். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் தொங்கி, விடும்போது நீங்கி, மறுபடி தொங்குகிறது. ஒரு நாள் தகடு முறிந்தால் பிரேக் இல்லாமல் போவதோடு முடியாது. கேலிப்பர் டிஸ்க்கோடு சுழன்று ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையே செருகிக்கொள்ளும், முன்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அவன் மகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தது இந்த வண்டியைத்தான். அந்தக் கோட்டைப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவனிடம் காட்டியபோது, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன், வாயே திறக்கவில்லை.

அந்தப் பிராக்கெட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளும் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருப் பிடிக்காது என்று மாற்றினானாம். ஏ2-70 என்று தலையில் பொறித்த ஸ்டெயின்லெஸ் போல்ட், 8.8 என்று பொறித்த சாதாரண எஃகு போல்ட்டைவிட வலுவில் குறைந்தது என்பதைப் பளபளப்பு மறைத்துவிடுகிறது. உன் கையிலும் அப்படி ஒரு டப்பா இருப்பது எனக்குத் தெரியும். கண்ணாடி மாட்ட, நம்பர் பலகை மாட்ட வைத்துக்கொள், பிரேக் பக்கம் கொண்டுவராதே.

உன் வண்டிக்கு வருவோம். மாட்டாதே என்று சொல்ல நான் யார். எனக்கே அந்த ஃபோர்க்கின் மேல் ஒரு கண் உண்டு. ஆனால் நீ அனுப்பிய படங்களில் பாகத்தின் அழகு எல்லாக் கோணத்திலும் இருக்கிறது, ஓர் அளவுகூட இல்லை. ஃபோர்க்கின் முழு நீளம், டி-ஸ்டெம்மின் ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து குழாய்கள் முன்னால் தள்ளி நிற்கும் தூரம்), ஆக்சிலின் விட்டம், கேலிப்பர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் (போல்ட்டுகள் பின்பக்கத்திலிருந்து ஏறும் ரேடியல் வகை என்றால் 100 அல்லது 108 மி.மீ. இருக்கக்கூடும், அவை ஒன்றுக்கொன்று சேராது), டிஸ்க்கின் விட்டமும் தடிமனும், மாஸ்டர் சிலிண்டரில் பொறித்திருக்கும் விட்டத்தின் எண் ஆகியவை எனக்கு வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றுவதாக இருந்தால், அது கிளட்ச்சுக்கானதா, பிரேக்குக்கானதா என்றும் பார். கிளட்ச்சில் சில மினரல் ஆயிலுக்கானவை, அவற்றின் சீல்கள் பிரேக் ஆயிலுக்கு ஆகாது. குழாயை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில் 10 மி.மீ. ஒன்றுக்கே மரை இடைவெளி 1.0 என்றும் 1.25 என்றும் இரண்டு வகை உண்டு. தவறானதும் ஒரு சுற்று, இரண்டு சுற்று இனிமையாக ஏறும். அதன்பின் இறுகும்போது ஸ்பேனரை எடுக்காதே, போல்ட்டை வெளியே எடு. உன் வண்டியில் ஏபிஎஸ் வேறு இருக்கிறது. புதிய சக்கரத்தோடு வரும் ஏபிஎஸ் வளையத்தில் பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்திராவிட்டால், முன்சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அந்தக் கணினிக்குத் தவறாகத்தான் தெரியும். உட்கார்ந்து எண்ணு.

எல்லாம் சேர்ந்த பிறகும் உடனே சாலைக்குப் போகாதே. ஃபோர்க்கிலிருந்து ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு முன்பக்கத்தை முழுமையாக அமுக்கி, டயர் ரேடியேட்டரிலோ டி-ஸ்டெம்மின் கீழ்ப்பகுதியிலோ இடிக்கிறதா என்று பார்; பிறகு முழுமையாக நீட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் குழாய் எங்கும் விறைக்காமல் இருக்கிறதா என்று பார். ஸ்பிரிங் போட்டபின் நீ வண்டியில் உட்கார்ந்து, உன் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று (அதைத்தான் ‘சேக்’ என்பார்கள்) அளந்து எழுது. முன்னால் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்க வேண்டும். அது எடை கூடிய வண்டியின் ஃபோர்க் ஆதலால் உனக்கு அதில் பாதிகூட இறங்காது என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும், எண்ணெயை மாற்றிச் சமாளிக்க முடியாது.

பிராக்கெட்டை மட்டும் நீ அறுக்க வேண்டாம். அளவுகள் வந்ததும் நான் வரைந்து தருகிறேன், கெட்டியான உலோகக் கட்டியிலிருந்து, மூலைகளை வளைவாக விட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மில்லிங்கில் செய்துகொள்வோம். நெட்டையனுக்கும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். தாடிக்காரனிடம் இப்போதைக்கு எதையும் சொல்லாதே, அவன் கையிலும் ஒரு ஃபோர்க் கிடக்கிறது.

அளவுகளை மில்லிமீட்டரில் எழுது, விரற்கடையில் அல்ல.

என்றும் அன்புடன்,
உன் பழைய கூட்டாளி