ஒரு கூடையோடு வந்த அம்மா

டூரின்,
நவம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். நேற்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி கொளுத்தியிருப்பீர்கள். இங்கேயும் கல்லறைக்குச் சாமந்திதான். ஆனால் கல்லறைக்கு மட்டுந்தான். வந்த முதல் வருசம் இது தெரியாமல் வீட்டு ஓனரம்மாவுக்கு ஒரு கொத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்தம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பட்டறை வேலை வழக்கம் போல ஓடுகிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினாலும் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரிவதில்லை. போர்ட்டா பலாட்சோ சந்தையில் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கிடைக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே.

"டான் போஸ்கோ கோயில் பக்கத்துலதானே இருக்கே, என்னத்தைப் பார்த்தே?" என்று போனில் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை.

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் வால்டோக்கோ. அங்கே 1868இல் டான் போஸ்கோ சாமியார் கட்டி முடித்த சகாய மாதா பேராலயம் இருக்கிறது. உள்ளே கண்ணாடிப் பேழையில் அவரை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். ஆனால் அம்மா, என்னைப் பிடித்துக்கொண்டது அவர் இல்லை. அவருடைய அம்மா.

பெயர் மார்கரீத்தா. பெக்கி என்கிற குக்கிராமம். 1817இல் புருசன் சளிக்காய்ச்சலில் போனபோது அவளுக்கு 29 வயது, மகன் டான் போஸ்கோவுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. மாமியார், மூத்தாள் மகன், தன் பிள்ளைகள் இரண்டு பேர். மறுகல்யாணம் தேடி வந்தும் வேண்டாம் என்றாள். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் சாமியாருக்குப் படிக்கப் போனபோது, நீ பணக்காரச் சாமியாராகிவிட்டால் உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியே அனுப்பினாளாம். யாரோ பேசுகிற மாதிரி இல்லை?

1846இல் இதே நவம்பர் 3ஆம் தேதி, மகன் கூப்பிட்டான் என்று ஒரு கூடையில் துணிமணியை எடுத்துக்கொண்டு, அவனோடு நடந்தே டூரின் வந்து சேர்ந்தாள். வயது 58. உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்போது டூரினில் கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் கிராமத்துப் பையன்கள் வந்து குவிந்த காலம், நம்மூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிற மாதிரி. அவர்களுக்காக டான் போஸ்கோ ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார். கையில் காசில்லை. மார்கரீத்தா தன் கல்யாண உடுப்பைப் பூசைக்குத் துணியாக்கக் கொடுத்தாள், நகையை விற்றாள்.

ஒரு நாள் பையன்கள் பட்டாளம் விளையாட்டு விளையாடி அவள் போட்ட காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். "போதும்டா, நான் ஊருக்கே போறேன்" என்று நின்றாள். மகன் ஒன்றும் பேசவில்லை. சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். எனக்கென்னவோ இந்த இடத்தில் டான் போஸ்கோ மேல் கொஞ்சம் கோபந்தான். அம்மாவிடம் இப்படியா ஜெயிப்பது?

அதற்கும் முன்னால், இரக்கப்பட்டுத் தங்க வைத்த பையன்கள் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையும் உண்டு. அப்படியும் 1847 மே மாதம் ஒரு மழை ராத்திரியில் அநாதைப் பையன் ஒருவன் நனைந்து வந்து நின்றபோது, சூப் கொடுத்து அடுப்படியிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தாள். தூங்குமுன் அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னாள். நான் படித்த டான் போஸ்கோ ஹாஸ்டலில் தினமும் ராத்திரி செபம் முடிந்து ஃபாதர் 'குட் நைட்' சொல்வார், ஞாபகமிருக்கிறதா? நான் தூங்கி விழுந்ததாக உன்னிடம் கோள் சொன்னாரே, அதேதான். அந்த அடுப்படியில் ஆரம்பித்த வழக்கம் அம்மா அது. தெரிந்திருந்தால் முழித்திருப்பேன்.

தொழில் பழகும் பையன்களுக்காக 1852இல் டான் போஸ்கோ போட்ட ஒப்பந்தமும் உண்டு. முதலாளி வாயால் கண்டிக்கலாம், கை நீட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை லீவு. பட்டறையில் வேலை பழகியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

டான் போஸ்கோவின் துறவற சபை பிறந்தது இன்னும் வேடிக்கை. 1855இல் மடங்களை மூடச் சட்டம் கொண்டுவந்த மந்திரி ராத்தாட்சிதான், டான் போஸ்கோவிடம், உங்களுக்குப் பின் இதை நடத்த ஒரு சங்கம் வையுங்கள் என்று யோசனை சொன்னவரும். 1859 டிசம்பர் 18 ராத்திரி டான் போஸ்கோ அறையில் கூடியவர்கள் மொத்தம் 18 பேர், பெரும்பாலும் அவர் வளர்த்த பையன்கள். அதுதான் சலேசிய சபை. இந்தியாவுக்கு வந்த முதல் சலேசியர்கள் 1906இல் வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம்ம தஞ்சாவூர். இங்கே ஒரு வயசான பிரதர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "தஞ்சோர்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்கரீத்தா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1856 நவம்பரிலேயே போய்விட்டாள். பொதுக்குழியில் அடக்கம் செய்தார்கள். மகனுக்குக் கண்ணாடிப் பேழை, அவளுக்கு ஒரு சிலுவை நட இடம் தெரியாது. நேற்று கல்லறைத் தோட்டம் வரை போய், எங்கே வைப்பதென்று தெரியாமல், மெழுகுவர்த்தியைப் பெயரில்லாத ஒரு மூலையில் கொளுத்திவிட்டு வந்தேன்.

வீட்டைப் பூட்டிவிட்டு எப்படி வருவேன் என்கிறாய். மூன்று மாசந்தானே, கோழிகளைச் சித்தி பார்த்துக்கொள்வாள். மே 24 சகாய மாதா திருநாள், சுரூபத்தைப் பவனியாகக் கொண்டு போவார்கள். அதற்கு நீ இங்கே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துத் தம்பியிடம் கொடு. வரும்போது கருவாடு கட்டிக்கொண்டு வராதே, பெட்டியெல்லாம் நாறிவிடும். வடகம் கொஞ்சம் போதும்.

உன் மகன்